செந்தூர நிறக் கைப்பை

தயங்காமல் கேளுங்கள் தம்பி. மதுரையில் பேருந்து புறப்பட்டதிலிருந்து என் மடியை ஒரு முறை, என் முகத்தை ஒரு முறை என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். எழுபத்திரண்டு வயதுக் கிழவன், நெற்றியில் திருநீறு, மடியில் பெண்கள் கைப்பை, அதுவும் இப்படிப் பற்றி எரிகிற நிறத்தில். பார்க்கத்தான் தோன்றும். சற்று முன் நடத்துநர் என்ன கேட்டார், கவனித்தீர்களா? "பெரியவரே, பை நல்லாருக்கே, உங்களுதா?" என்றார். அவருக்கு நான் விடையளிக்கவில்லை. பயணச்சீட்டுக் கிழிக்கும் அவசரத்தில் இருப்பவரிடம் நீண்ட விளக்கம் கூறுவது முறையன்று. உங்களுக்குக் கூறுகிறேன்.

என் பெயர் தனுஷ்கோடி. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மை கலக்கினேன். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மீதியை, பிழையாக அச்சாகிவிட்டது என்று அச்சகத்தார் மூலையில் வீசிய தாள்களில் படித்து முடித்தேன். அது இருக்கட்டும். நிறத்தைப் பற்றி என்னிடம் ஒருவரும் வாதாட இயலாது. எந்த நிறத்தையும் காட்டுங்கள். மஞ்சள் இத்தனை பங்கு, மெஜந்தா என்கிற ரோஜாச் சிவப்பு இத்தனை பங்கு, சயான் என்கிற நீலம் இத்தனை பங்கு என்று நின்ற இடத்தில் பிரித்துச் சொல்வேன். உங்கள் சட்டை சயான் நாற்பது, கருப்பு பதினைந்து. சலவையில் வெளுத்ததைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன்.

இந்தக் கைப்பை என் மனைவி சுந்தரக்கனிக்கு. நாளை மாலை கோயம்புத்தூரில் அவளுடைய அண்ணன் மகளுக்குத் திருமணம். இவள் மணப்பெண்ணின் அத்தை. மேடையில் நிற்க வேண்டியவள், அத்தனை படங்களிலும் இருக்க வேண்டியவள். ஆனால் பத்து நாட்களுக்கு முன்பே சொல்லிவிட்டாள்: "எனக்கு அந்த மாதங்கி பேக்கு வேணும். அது இல்லைன்னா நான் வரலை. நீங்க மட்டும் போய் மொய் எழுதிட்டு வாங்க."

மணப்பெண்ணின் அத்தை வராத திருமணம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவளுடைய மதினி, அதாவது அண்ணன் மனைவி கனகவல்லி, அதை ஊர் முழுவதும் அச்சடித்து ஒட்டாத குறையாகப் பரப்பிவிடுவாள்.

இத்தனை பிடிவாதத்திற்கும் காரணம் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன் அதே வீட்டில் மூத்த பெண்ணின் திருமணம் நடந்தது. அதற்குச் சுந்தரக்கனி எங்கள் அச்சகத்தார் தீபாவளிக்குக் கொடுத்த பையை எடுத்துச் சென்றாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அருமையான ரெக்சின். ஒரு பக்கம் அச்சகத்தின் பெயர், மறு பக்கம் 'காலண்டர், டைரி, திருமண அழைப்பிதழ் ஆர்டர்களுக்கு அணுகுக' என்று எழுதி இரண்டு தொலைபேசி எண்கள். திருமண ஆல்பம் வந்தபோது நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பதினொரு பக்கங்களில் அந்தப் பை தெரிகிறது. பதினொன்றிலும் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம்கூட மங்கவில்லை. நான்கு நிறமும் இம்மியளவும் விலகாமல் விழுந்திருக்கின்றன. அதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தக் கனகவல்லி என்ன சொன்னாள் தெரியுமா? உறவினர் நிறைந்த கூடத்தில், ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, "சுந்தரி, மேடையில வந்து நின்னு விளம்பரம் குடுத்தியே, அச்சாபீஸ்காரன் உனக்குக் கமிஷன் குடுத்தானா?" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். அன்று இரவு இவள் சாப்பிடவில்லை. நான் ஆறுதல் கூறினேன். "கனி, அவர்கள் சிரித்தது பொறாமையால். அந்தத் தரத்தில் அச்சான பொருளை அவர்கள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்கள்" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. துக்கம் அதிகமானால் பேச்சு வராது அல்லவா?

இப்போது மாதங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஒரு தொடர் வருகிறது. நான் தொடரெல்லாம் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் நல்ல மின்விசிறி அந்த அறையில் மட்டுமே இருப்பதால் அங்கே அமர்ந்திருப்பேன், அவ்வளவுதான். அதில் மாதங்கி என்று ஒரு கொடியவள். மாமனாருக்குப் பாயசத்தில் மருந்து கலந்தாள். அது நூற்று நாற்பதாவது நாள். மைத்துனனைத் தூக்கி உள்ளே வைத்தாள். அது இருநூற்றுப் பன்னிரண்டு. எந்தக் கொடுமையைச் செய்யப் போனாலும் தோளில் ஒரு பெரிய கைப்பையை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கி வருவாள். தமிழ்நாட்டுப் பெண்களெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே அந்தப் பையைக் கேட்டுக் கடை கடையாக அலைகிறார்கள்.

அந்தப் பையின் நிறம்தான் இன்றைய என் அலைச்சலின் மையம். சுந்தரக்கனி முதல் நாளே, "அந்த மஞ்சக் கலர் பேக்கு" என்றாள். நான் திகைத்துவிட்டேன். எண்ணிப் பாருங்கள், முப்பத்தெட்டு ஆண்டு மை கலக்கியவனோடு குடும்பம் நடத்தியவள், செந்தூர நிறத்தைப் பார்த்து மஞ்சள் என்கிறாள்!

"கனி, அது மஞ்சள் அன்று. செந்தூரம். மஞ்சள் ஆறு பங்கு, மெஜந்தா நான்கு பங்கு, கருப்பு ஊசிமுனை அளவு" என்றேன்.

"இல்லைங்க, மஞ்சள்தான். நான் நல்லாப் பாத்தேன்."

"எங்கே பார்த்தாய்? இதோ தொலைக்காட்சிப் பெட்டி எதிரில் இருக்கிறது. நீயே பார்."

பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி. உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உண்மையை ஏற்றுக்கொள்ளும் குணம் அவளிடம் எப்போதும் உண்டு.

பொதுவாக எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தெரிகிற நிறம் வேறெந்த வீட்டிலும் தெரியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெட்டி வாங்கி வந்த அன்றே கவனித்தேன். எல்லா முகங்களும் சோகை பிடித்தவைபோல் வெளிறிக் கிடந்தன. காலண்டர் அச்சடிப்பவர்களுக்கு ஓர் இரகசியம் உண்டு. முருகன் முகமானாலும் மகாலட்சுமி முகமானாலும் மெஜந்தா ஒரு மாற்று தூக்கலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் மாட்ட மாட்டார்கள். அந்த முறையிலேயே, ரிமோட்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து, பெட்டியின் நிறத்தைத் திருத்தினேன். இப்போது எங்கள் வீட்டில் செய்தி வாசிப்பவர்கூட அபிஷேகம் முடிந்து அலங்காரத்தில் இருப்பவர்போல் ஒளிர்வார். ரிமோட்டை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. சட்டைப் பையிலேயே இருக்கும். சுந்தரக்கனி மதிய மறுஒளிபரப்பை எதிர்வீட்டு ரத்தினா வீட்டில் போய்ப் பார்ப்பாள். அங்கே பேச்சுத் துணை கிடைக்கிறது. வேறென்ன காரணம் இருக்கப் போகிறது?

சரி. கடைக்காரர்களிடம் வாயால் நிறத்தை விளக்கினால் புரியுமா? நான் பழைய அச்சகத்திற்குப் போய், முதலாளியிடம் அனுமதி கேட்டு, மை கலந்து, ஆர்ட் தாளில் தேய்த்து, இரண்டு நாள் காயவைத்து, உள்ளங்கை அளவுக்கு ஓர் அட்டை வெட்டிக்கொண்டு வந்தேன். எட்டு மணிக்கு மாதங்கி மாடிப்படியில் இறங்கும்போது எழுந்து போய், அட்டையைத் திரையில் அந்தப் பையின்மேல் வைத்துப் பார்த்தேன். "மறைக்காதீங்க, அவ வீட்டுப் பத்திரத்தை எடுக்கப் போறா!" என்று சுந்தரக்கனி கத்தினாள். எடுத்தால் எடுக்கட்டும். நிறம் இழைந்துவிட்டது தம்பி. அட்டை எங்கே முடிகிறது, பை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இதோ, அந்த அட்டை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவள் திருமணத்திற்கு எடுத்த பட்டுச் சேலை கரும்பச்சை, அதற்கு மாம்பழ மஞ்சளில் கரை. செந்தூரப் பை வாங்கப் போகிறவள் மஞ்சள் கரையில் எடுக்கலாமா? "இதற்கும் பைக்கும் ஒட்டாதே" என்றேன். "ஒட்டும்" என்றாள். நிற ஞானம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இன்று காலை மதுரையில் இறங்கி, விளக்குத்தூண் பக்கம் ஆரம்பித்தேன். முதல் கடையில் ஒரு பெண் நின்றாள். "மாதங்கி வைத்திருக்கும் கைப்பை வேண்டும்" என்றேன்.

"வாங்க தாத்தா, பாட்டிக்கா?" என்று சிரித்துக்கொண்டே கொக்கியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். பளீரென்ற மஞ்சள்.

"அம்மா, நான் கேட்டது மாதங்கியின் பை."

"இதுதான் தாத்தா மாதங்கி. நேத்து மட்டும் ஒம்பது பேர் வாங்கிட்டுப் போனாங்க."

"ஒன்பது பேரும் ஏமாந்திருக்கிறார்கள். இந்த அட்டையைப் பார். இந்த நிறத்தில் இருந்தால் எடு."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன தாத்தா, ரேஷன் கார்டா?" என்றாள்.

இரண்டாம் கடை, மூன்றாம் கடை, நான்காம் கடை. எல்லாவற்றிலும் மஞ்சள். ஒருவன் எலுமிச்சை மஞ்சளை நீட்டுகிறான், ஒருவன் மாம்பழ மஞ்சளை நீட்டுகிறான். வாய் கூசாமல் எல்லோரும் மாதங்கி மாதங்கி என்கிறார்கள். ஐந்தாம் கடைக்காரர் என்னைவிட நான்கு வயது சிறியவராக இருப்பார். பொறுமையாகத்தான் பேசினார். "அண்ணாச்சி, நானும் தினம் பாக்கேன். அவ பேக்கு மஞ்சள்தான்."

"தங்களுக்குக் கண்புரை இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"போன மாசம்தான் ஆப்பரேஷன் பண்ணுனேன். எறும்பு போறதுகூடத் தெரியுது."

"மருத்துவர் அவசரப்பட்டுவிட்டார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெயில் ஏறிவிட்டது. அதே தெருவில் ஒரு தொலைக்காட்சிக் கடை, உள்ளே குளிர்சாதனம். வாசலிலிருந்து பார்த்தால் சுவர் முழுவதும் பெட்டிகள், இருபதுக்குக் குறையாது. எல்லாவற்றிலும் ஒரே காட்சி, மதிய மறுஒளிபரப்பு. மாதங்கி மாடிப்படியில் இறங்குகிறாள். இருபது மாதங்கிகள், இருபது பைகள்.

இருபதும் மஞ்சள்.

நான் அதிர்ந்து நின்றுவிட்டேன் தம்பி. ஒரு கடையில் ஒரு பெட்டி பழுதாக இருக்கலாம். இருபது பெட்டிகளையும் திருத்தாமலே விற்பனைக்கு வைத்திருக்கிறார்களே! உள்ளே போய் விற்பனையாளரிடம் எடுத்துரைத்தேன். அவர் கழுத்துப்பட்டி கட்டிய மரியாதையான மனிதர். "சார், கம்பெனி செட்டிங் சார்" என்றார். நான் அவரிடமிருந்து ரிமோட்டை வாங்கி, ஒரு பெட்டியை எங்கள் வீட்டு முறைப்படி திருத்திக் காட்டினேன். பை சற்றே சிவந்து, சிவந்து, அப்படியே செந்தூரமாயிற்று. "இப்போது பாருங்கள்!" என்றேன்.

பெட்டி வாங்க வந்திருந்த ஓர் அம்மாள் தன் கணவரின் முழங்கையை இடித்து, "ஏங்க, அந்த டிவி வேணாம். அந்தப் பொண்ணு மூஞ்சி அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றார். விற்பனையாளர் மிகுந்த பணிவோடு ரிமோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எனக்குத் தண்ணீர் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார். என்னிடமிருந்து தொழிலைக் கற்றுக்கொண்ட நன்றி அது.

அதன் பிறகு பதினொன்றோ பன்னிரண்டோ கடைகள். கடைசியில் ஒரு சந்துக்குள், உயரத்தில், மற்ற பைகளுக்குப் பின்னால் இது தொங்கியது. கோலை வைத்து எடுக்கச் சொன்னேன். தூசியைத் தட்டிவிட்டு அட்டையை வைத்தேன். இழைந்தது! கடைக்காரருக்கு என்னைவிட மகிழ்ச்சி. "இது வந்து ஒரு வருசமாச்சு அய்யா, யாரும் தொடவே இல்லை. உங்களுக்குன்னே இருந்திருக்கு" என்றார். அரிய பொருளை எளியவர்கள் தொடத் தயங்குவார்கள். பிடிக்காவிட்டால் இன்று கடை அடைப்பதற்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று ரசீதில் எழுதியும் கொடுத்தார். தேவையில்லை என்றேன். கேட்காமலே எழுதினார்.

நாளை விடியற்காலையில் கோயம்புத்தூருக்குக் கிளம்ப வேண்டும். இன்று மாலை இதை அவள் கையில் கொடுத்து... இருங்கள், தொலைபேசி அடிக்கிறது. அவள்தான். எனக்குக் காது சற்று மந்தம். ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவேன். நீங்களும் கேட்கலாம், இரகசியம் ஒன்றுமில்லை.

"என்னங்க, கெடைச்சுதா?"

"கிடைத்துவிட்டது கனி. மதுரை முழுவதற்கும் ஒன்றே ஒன்று."

"ஒண்ணே ஒண்ணா? ரத்தினா மக தெருவுக்குத் தெரு தொங்குதுன்னாளே. என்ன கலரு?"

"அட்டையோடு அப்படியே இழைகிறது."

"அட்டையோடயா?"

"ஆம் கனி, இம்மியும் விலகவில்லை."

"அப்போ செவப்பா?"

"சிவப்பு அன்று. செந்தூரம்."

"சரி."

"என்ன சரி?"

"ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கும். நீங்க பாத்து வாங்குனது." அவள் குரலைக் கவனித்தீர்களா தம்பி? சண்டைக் குரலே இல்லை. "நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. நான் கல்யாணத்துக்கு வரலை. காய்ச்சல்னு சொல்லிருங்க. அண்ணன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்."

"ஏன்? பை வந்துவிட்டதே!"

"மதினிகிட்டப் போன வாரம் போன்ல சொல்லிட்டேங்க, மாதங்கி பேக்கோட வாரேன்னு. 'பாப்போம்'னா. அந்தக் கூட்டத்துல எல்லாரும் மாதங்கி பேக்குன்னா மஞ்சள்னுதான் பாத்திருப்பாக. நான் செவப்பை மாட்டிக்கிட்டுப் போய் நின்னா, மறுபடியும் அவ வாய்க்குத்தான் அவல்."

"எல்லோர் வீட்டிலும் மஞ்சள் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"ரத்தினா வீட்டுல மத்தியானம் பாக்கேனே. நம்ம வீட்டுல மட்டுந்தாங்க அது செவப்பு. நம்ம வீட்டுல மட்டுந்தான் எல்லாருக்கும் மூஞ்சி செவந்திருக்கும்."

"எத்தனை நாளாகத் தெரியும்?"

"நாலு வருசமா."

"நான்கு ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை?"

"அந்த ரிமோட்டை வச்சுக்கிட்டு மூணு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தீங்க. ரிட்டையர் ஆகி அப்பத்தான் மொதத் தடவை சிரிச்ச மொகமா இருந்தீங்க. அதுல போய் என்னத்தச் சொல்ல. பையைக் கேக்கும்போது மட்டும் மஞ்சள்னு சொன்னேன். நீங்க கேக்கலை. சரி, வெயில்ல அலைஞ்சிருப்பீங்க, பாத்து வாங்க. வச்சிருதேன்."

வைத்துவிட்டாள்.

தம்பி, ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அந்தத் தொடரைப் பார்ப்பீர்களா? உங்கள் அம்மா பார்ப்பார்களா? நல்லது. அந்த மாதங்கியின் பை உங்கள் வீட்டில் என்ன நிறம்?

சரி, சரி. சொல்ல வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டதே போதும்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், மெஜந்தா தூக்கல் என்பது தவறான முறை அன்று. காலண்டருக்கு அது சரி. முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு முருகன்கூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் மாதங்கி முருகன் இல்லையே. அவளைச் சுவரில் மாட்டப் போவதும் இல்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அவள் சண்டை போட்டிருந்தால் நான் வென்றிருப்பேன், தெரியுமா? எப்போதும் வென்றிருக்கிறேன். "நீங்க பாத்து வாங்குனது, நல்லாத்தான் இருக்கும்" என்கிறாளே. காய்ச்சலாம். அவளுக்குக் காய்ச்சல் வந்து எத்தனை காலம் ஆயிற்று! அண்ணன் மகள் மாலையோடு மேடைக்கு வரும்போது, இவள் சிவகாசியில் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாளாம். நான் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு, கனகவல்லியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம்.

நடத்துநர் ஐயா! இது எந்த ஊர்? திருமங்கலம் தாண்டிவிட்டதா? அடுத்த நிறுத்தம் கள்ளிக்குடியா? அங்கே இறங்க வேண்டும்.

"சிவகாசிக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்க பெரியவரே. இங்க எறங்கி என்ன செய்யப் போறீக?"

மதுரைக்குப் போக வேண்டும்.

"மதுரையிலதான வந்தீக!"

திரும்பவும் போக வேண்டும். ஒரு சிறு வேலை விட்டுப்போயிற்று.

தம்பி, அப்படி முழங்காலைச் சற்றே ஒதுக்குங்கள், நான் வெளியே வர. ரசீது சட்டைப் பையில் இருக்கிறதா? இருக்கிறது. கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும் என்றார். அந்தச் சந்துக் கடையிலும் மஞ்சள் தொங்கத்தான் செய்தது, நான்தான் ஒதுக்கச் சொன்னேன். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மஞ்சளில் இரண்டு வகை கண்டேன். ஒன்று எலுமிச்சை, ஒன்று மாம்பழம். இரண்டையும் மாதங்கி என்றுதான் விற்கிறார்கள். மையாக இருந்தால் எனக்குத் தெரியும், எலுமிச்சையில் சயான் ஒரு துளி விழுந்திருக்கும். ஆனால் மாதங்கி எதை வைத்திருக்கிறாள்? நான் இன்று இருபது பெட்டிகளில் பார்த்தேன். கோபத்தில் பார்த்தேன், ஒன்றும் மனத்தில் பதியவில்லை.

உங்கள் கை படட்டும் தம்பி, அந்தக் கடைசி எண்ணை மறுபடி அழுத்துங்கள். எனக்கு ஒரு கையில் பை, மறு கையில் கம்பி. வண்டி ஆடுகிறது அல்லவா, அதனால்.

"கனி, நான்தான். வைத்துவிடாதே. மஞ்சள் என்றாயே, எந்த மஞ்சள்? எலுமிச்சையா, மாம்பழமா?"

"என்னங்க இது, என்கிட்டப் போய் கலர் கேக்கீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாது. நீ சொல்."